எப்பவும் டயர்டா இருக்கா? எந்த டெஸ்ட் எடுக்கலாம், எதுக்குக் காசு கொடுக்க வேண்டாம்

இந்த எபிசோடுக்கான கேள்வி ஒரே ஒருத்தர் கேட்டது இல்லை. கொஞ்ச மாசமா வர்ற வாய்ஸ் நோட்டுகளில் பாதி இதே ரகம்தான். "ப்ரோ, நல்லாத்தான் தூங்குறேன். ஆனா மதியம் 3 மணிக்கு மேல மூளை ஓடவே மாட்டேங்குது. ஃபுல் பாடி செக்கப் எடுக்கலாமா? இன்ஸ்டாகிராமில் வர்ற அந்த ஃபுட் சென்சிட்டிவிட்டி டெஸ்ட் எடுக்கலாமா?"

முதலிலேயே ஒன்று சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை. ஊர் தொப்பம்பட்டி, படிச்சது இன்ஜினியரிங், செய்யற வேலை சாஃப்ட்வேர். இந்த எபிசோடைக் கேட்டுட்டு யாரும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். டாக்டர் முன்னாடி உட்காரும்போது என்ன கேட்கணும், ரிப்போர்ட் கையில் வந்தால் அதை எப்படிப் படிக்கணும், அதுதான் இன்னிக்கு விஷயம்.

பதிலையும் இப்பவே சொல்லிடலாம். சத்துக் குறைபாட்டுக்கான டெஸ்ட்டுகளில் நாலைந்து உண்மையிலேயே உதவும், சரியான ஆளுக்கு, சரியான காரணத்துக்கு எடுத்தால். "200 உணவுகளில் உங்களுக்கு எது ஒத்துக்காது" என்று ரத்தத்தில் பார்த்துச் சொல்கிற ஐஜிஜி டெஸ்ட்டுக்கு நீங்க பணம் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே பேக்கேஜில் போட்டு விற்பதால்தான் குழப்பம் வருது. ஏன் அப்படிச் சொல்றேன்னு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இரும்பு: பர்ஸும் பேங்க்கும்

ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதைச் செய்ய உடம்புக்கு இரும்பு வேணும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால், ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனால், அது ரத்தசோகை.

இது எவ்வளவு பரவலான விஷயம் தெரியுமா? 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். ஆண்களில், நாடு முழுக்கப் பார்த்தால், 25 சதவீதம். அதாவது உங்க டீமில் இருக்கிற பெண்களில் இரண்டு பேருக்கு ஒருத்தர். "அவ எப்பவும் சோர்ந்துதான் இருப்பா, அவ டைப் அது" என்று நாம சொல்றோமே, அதில் எத்தனை பேருக்கு அது குணம், எத்தனை பேருக்கு அது இரும்புக் குறைவு?

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கு. ஹீமோகுளோபின் என்பது பர்ஸில் இருக்கிற காசு மாதிரி. ஃபெரிட்டின் என்பது பேங்க்கில் இருக்கிற சேமிப்பு. செலவு அதிகமானால் முதலில் சேமிப்புதான் கரையும். பர்ஸ் கொஞ்ச நாள் நிறைஞ்ச மாதிரியேதான் இருக்கும். அதனால் ஹீமோகுளோபின் 12.4 என்று வந்து, "நார்மல்" என்று அச்சடிச்ச ஒருத்தருக்கு ஃபெரிட்டின் 9 ஆக இருக்க வாய்ப்பு இருக்கு. பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால் இரும்புச் சேமிப்பு தீர்ந்துபோச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

இதை ஒரு ஆராய்ச்சியாகவே செஞ்சு பார்த்திருக்காங்க. 2012-ல் கனடா மருத்துவச் சங்க இதழில் வந்தது. சோர்வு இருக்கு, ரத்தசோகை இல்லை, ஃபெரிட்டின் 50-க்குக் கீழே, இப்படி 198 பெண்கள். பாதிப் பேருக்கு 12 வாரம் இரும்பு மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் டம்மி மாத்திரை. இரும்பு எடுத்தவங்களுக்குச் சோர்வு அளவு சுமார் 48 சதவீதம் குறைஞ்சது. டம்மி மாத்திரை எடுத்தவங்களுக்கும் சுமார் 29 சதவீதம் குறைஞ்சது!

இந்த இரண்டு நம்பரையும் ஒன்றாக வெச்சுப் பாருங்க. இரும்பு வேலை செய்யுது, சந்தேகமில்லை. ஆனா எதுவுமே இல்லாத மாத்திரையும் கிட்டத்தட்ட மூணில் ஒரு பங்கு சோர்வைக் குறைச்சிருக்கு. சோர்வு அப்படிப்பட்ட ஒரு பிரச்சினை. எதையாவது செஞ்சாலே கொஞ்சம் குறையும், நாள் போனாலும் குறையும். "நான் அதை நிறுத்தினேன், எனக்குச் சரியாயிடுச்சு" என்று யாராவது ரீல் போட்டால் இந்த 29-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி இது தேவைப்படும்.

ஃபெரிட்டினில் ஒரு பக் உண்டு. உடம்பில் காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் அது தானாக ஏறிடும். டெங்கு வந்து எழுந்த வாரத்தில் எடுத்தால், காலியான சேமிப்பும் நிறைஞ்ச மாதிரி காட்டும். உடம்பு தேறி சில வாரம் கழிச்சு எடுங்க.

குறைவு என்பது பதில் இல்லை, அடுத்த கேள்வி

ரிப்போர்ட்டில் இரும்பு குறைவு என்று வந்ததும் நாம என்ன செய்வோம்? பேரீச்சம்பழம், மாதுளை, முருங்கைக்கீரை. எங்க பக்கம் முருங்கைக்குப் பஞ்சமே இல்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக் கிடக்கும். சாப்பிடுங்க, நல்லது. ஆனா நம்ம தொழிலில் சர்வரில் மெமரி தீர்ந்தால், மெமரியைக் கூட்டிட்டு மட்டும் போயிடுவோமா? எங்கே லீக் ஆகுதுன்னு பார்ப்போம் இல்லையா? அதேதான்.

இளம் பெண்களுக்கு மிகப் பொதுவான லீக், மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு. நாப்கினை மணிக்கு ஒருமுறை மாற்றும்படி இருந்தால், கட்டி கட்டியாகப் போனால், ஏழு நாளைத் தாண்டினால், அதை டாக்டர்கிட்ட சொல்லணும். எங்க சொந்தத்தில் ஒரு பொண்ணு, கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறா, படி ஏறினாலே மூச்சு வாங்குது என்று சொல்லிட்டே இருந்தா. "நம்ம வீட்ல எல்லாத்துக்கும் இப்படித்தான் அம்மணி" என்றே அத்தை சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஹீமோகுளோபின் 8.1. அம்மாவுக்கும் பாட்டிக்கும் அப்படித்தான் இருந்தது என்பதால் அது நார்மல் ஆகிடாது. அந்த வீட்டில் மூணு தலைமுறையும் ரத்தசோகையோடவே வேலை பார்த்திருக்கலாம் என்றுதான் அதுக்கு அர்த்தம்.

காட்டு வேலை செய்யறவங்களுக்கு, செருப்பில்லாமல் நடக்கிறவங்களுக்கு, இன்னொரு லீக் கொக்கிப்புழு. பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுக்கிறது சும்மா இல்லை.

இந்த எபிசோடில் ஒரே ஒரு வரிதான் ஞாபகம் இருக்கும் என்றால் இது இருக்கட்டும்: ஒரு ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைஞ்சிருந்தால், மாத்திரை வாங்கிக் கொடுத்துட்டு விட்டுடக் கூடாது. குடலில் எங்கேயாவது ரத்தம் கசியுதா என்று பார்க்கணும். மூலமாக இருக்கலாம், அல்சராக இருக்கலாம், வலி மாத்திரை அதிகம் சாப்பிட்டதால் இருக்கலாம், சில பேருக்குப் பெருங்குடல் புற்றுநோயின் முதல் அறிகுறியே அதுவாகத்தான் இருக்கும். டானிக் குடிச்சு நம்பர் ஏறிட்டா, நமக்குக் கிடைச்ச ஒரே அலாரத்தையும் நாமே ம்யூட் பண்ணின மாதிரி.

சாப்பாட்டில் இரண்டு சின்ன மாற்றம் மட்டும் சொல்றேன். சாப்பிட்ட கையோட டீ, காபி குடிக்காதீங்க. கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்க விடாமல் அது தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்க. இரண்டாவது, கூடவே விட்டமின் சி இருக்கிற ஏதாவது சேர்த்துக்கோங்க. எலுமிச்சை, நெல்லிக்காய், எங்க பக்கத்து ஆயக்குடி கொய்யா, எதுவானாலும் சரி. இரும்பை உறிஞ்ச அது உதவும்.

பி12: எங்க அப்பாவின் கால்

பி12 இயற்கையில் நமக்குக் கிடைப்பது பால், தயிர், முட்டை, மீன், கறி இவற்றில் இருந்துதான். ஸ்பைருலினாவில் இருப்பது நம்ம உடம்புக்குப் பயன்படாத போலி பி12. பழைய சோற்றுக்கு வேறு நல்ல குணங்கள் இருக்கலாம், பி12-க்கு அதை நம்பி இருக்க முடியாது. கல்லீரலில் சில வருஷத்துக்கான ஸ்டாக் இருக்கும் என்பதால் குறைபாடு மெதுவாகத்தான் தெரியும். சுத்த சைவம், அதிலும் பாலும் அதிகம் எடுக்காதவங்க, வயிற்று ஆபரேஷன் ஆனவங்க, அசிடிட்டி மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடறவங்க, இவங்க எல்லாம் பார்க்கலாம்.

இன்னொரு பெரிய கூட்டம் இருக்கு. மெட்ஃபார்மின். சர்க்கரைக்கு முதலில் கொடுக்கிற மாத்திரை அதுதான். நல்ல மாத்திரை, விலையும் குறைவு. நீண்ட நாள் எடுத்தால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். அதனால்தான் மெட்ஃபார்மின் எடுக்கிறவங்களுக்கு அவ்வப்போது பி12 பார்க்கச் சொல்லி அமெரிக்க நீரிழிவு சங்கம் வழிகாட்டுது. 2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவங்க சுமார் 10 கோடி பேர். அதில் எத்தனை பேர் ராத்திரி மெட்ஃபார்மின் போட்டுட்டுப் படுக்கிறாங்க என்று யோசிச்சுப் பாருங்க.

எங்க அப்பா அதில் ஒருத்தர். 12 வருஷமா எடுக்கிறார். இரண்டு வருஷமா உள்ளங்கால் எரிச்சல், காட்டுக்குப் போயிட்டு வந்தால் திண்ணையில் சாய்ஞ்சுடுவார், வரப்பில் நடக்கும்போது தடுமாற்றம். கேட்டால், "வயசாச்சுல்ல கண்ணு, அப்படித்தான் இருக்கும்." கால் எரிச்சலுக்குச் சர்க்கரையே காரணம் என்று வீட்டில் எல்லாரும் முடிவு பண்ணியாச்சு. அது பாதி உண்மையாகவும் இருக்கலாம். பி12 பார்த்தபோது 148. பெரும்பாலான லேப்களில் கீழ் எல்லை 200-ஐ ஒட்டி இருக்கும். டாக்டர் ஊசி போட்டார், அப்புறம் மாத்திரை. மெட்ஃபார்மினை நிறுத்தலை, நிறுத்தவும் தேவையில்லை. சோர்வும் தடுமாற்றமும் நல்லாவே குறைஞ்சிருக்கு. எரிச்சல் பாதிதான் போயிருக்கு. பி12 குறைவு நரம்பை நீண்ட நாள் அரிச்சால், அப்புறம் எவ்வளவு கொடுத்தாலும் சில சேதம் முழுசாத் திரும்பாது. அதுதான் இதில் நேரத்துக்கு இருக்கிற விலை.

இதோட மறுபக்கமும் சொல்லணும். பி12 அளவு சரியா இருக்கிறவங்க இன்னும் கொஞ்சம் பி12 போட்டால் எனர்ஜி வராது. டேங்க் நிரம்பின வண்டிக்கு மேலே பெட்ரோல் ஊத்தினால் வண்டி வேகமாப் போகுமா?

தைராய்டு, சர்க்கரை, விட்டமின் டி

தைராய்டுக்கு முதல் டெஸ்ட் டிஎஸ்ஹெச். சோர்வோடு எடை ஏறுது, குளிர் தாங்கலை, மலச்சிக்கல், மாதவிடாய் மாறுது என்றால் கண்டிப்பா பார்க்கலாம். இங்கே ஒரு முக்கியமான விஷயம்: முடி வளர பயோட்டின் மாத்திரை, கம்மி சாப்பிடறீங்களா? அதிக அளவு பயோட்டின் சில தைராய்டு டெஸ்ட்டுகளின் முடிவையே மாத்திக் காட்டும். டெஸ்ட்டுக்கு இரண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்துங்க, லேபிலும் சொல்லுங்க.

சர்க்கரை டெஸ்ட் எடுக்க வயசாகணும் என்று இல்லை. அம்மா அப்பாவுக்கு இருந்தால், இடுப்பு பெருத்தால், 25-லேயே பார்க்கலாம்.

விட்டமின் டி கதை வேற. அதை எடுத்தால் பெரும்பாலும் குறைவு என்றுதான் வரும், நாம ஏசிக்குள்ளேயே வாழ்றோம். ஆனா வேறு பிரச்சினை இல்லாத பெரியவர்களுக்கு இதை ரொட்டீனாகப் பார்க்க வேண்டாம் என்று 2024-ல் அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி சொல்லியிருக்கு. எலும்பு வலி, தசை பலவீனம், வேறு நோய் இருந்தால் டாக்டர் பார்ப்பார். எனக்குக் கவலை 60,000 யூனிட் பாக்கெட். வாரம் ஒன்று, இத்தனை வாரம் என்று எழுதிக் கொடுத்ததை மாசக்கணக்கில் தொடர்றவங்க, தினமும் ஒன்று போடறவங்க இருக்காங்க. இது கொழுப்பில் கரையும் விட்டமின், அதிகமானது சிறுநீரில் வெளியே போயிடாது. ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தையே பாதிக்கும்.

ஏன் எல்லா டெஸ்ட்டையும் எடுத்துடக் கூடாது?

"காசு இருக்கு, எல்லாத்தையும் பார்த்துடலாமே" என்றால், ஒரு கணக்கு. நார்மல் ரேஞ்ச் என்று ரிப்போர்ட்டில் போடுவது பல டெஸ்ட்டுகளில் எப்படி வருது? ஆரோக்கியமான ஆட்களில் நடுவில் இருக்கிற 95 சதவீதம் பேரின் அளவு. அப்படின்னா, ஆரோக்கியமான 100 பேரில் 5 பேர் எப்படியும் ரேஞ்சுக்கு வெளியேதான் இருப்பாங்க. ஒன்றோடு ஒன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், எந்த நோயும் இல்லாத ஒருத்தருக்கு ஒன்றாவது சிவப்பாக வர 64 சதவீத வாய்ப்பு. 60 டெஸ்ட் என்றால் 95 சதவீதம். நிஜத்தில் டெஸ்ட்டுகள் ஒன்றோடு ஒன்று தொடர்புள்ளவை என்பதால் கணக்கு கொஞ்சம் மாறும், போக்கு மாறாது.

சிவப்பைப் பார்த்த அப்புறம் தூக்கம் போகும், இன்னொரு டெஸ்ட், ஒரு ஸ்கேன், ஒரு சப்ளிமென்ட். எல்லா வார்னிங்கையும் ஆன் பண்ணி வெச்சால் நிஜமான எரர் கண்ணில் படாது. டெஸ்ட் எடுக்கிறதுக்கு முன்னாடியே "இது குறைவா வந்தால் நான் என்ன மாத்தப் போறேன்?" என்று கேளுங்க. பதில் இல்லைன்னா அந்த டெஸ்ட் வேண்டாம்.

அந்த 200 உணவு ரிப்போர்ட்

இப்ப ஃபுட் சென்சிட்டிவிட்டிக்கு வருவோம். என் கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் எடுத்தார். வண்ண வண்ணமா ரிப்போர்ட். அரிசி சிவப்பு, பால் சிவப்பு, முட்டை சிவப்பு, நிலக்கடலை ஆரஞ்சு. அவகாடோ பச்சை, கின்வா பச்சை! அவர் அவகாடோவைப் படத்தில்தான் பார்த்திருக்கார்.

ஏன் இப்படி? ஐஜிஜி என்பது உடம்பு ஒரு பொருளைச் சந்திச்சதற்கான பதிவு. ஆக்சஸ் லாக் மாதிரி. யார் அடிக்கடி உள்ளே வந்தாங்களோ அவங்க பேர் அதிகமா இருக்கும். அடிக்கடி வந்தவர் திருடன் என்று அதில் எழுதியிருக்காது. சொல்லப்போனால், தேனீ வளர்க்கிறவங்க நிறைய கொட்டு வாங்கி வாங்கி விஷத்துக்குப் பழகிடுவாங்க. அவங்க ரத்தத்தில் அந்த விஷத்துக்கான ஐஜிஜி4 கூடித்தான் இருக்கும். அது பழகிப்போனதன் அடையாளம். உணவுக்கான ஐஜிஜி4-ஐ வைத்து ஒவ்வாமையையோ ஒத்துக்காமையையோ கண்டுபிடிக்கக் கூடாது என்று ஐரோப்பிய அலர்ஜி அகாடமி 2008-லேயே சொல்லிடுச்சு. அமெரிக்க, கனடா அலர்ஜி சங்கங்களும் அதையே சொல்லியிருக்கு.

"ஆனா எனக்கு வேலை செஞ்சுதே" என்பாங்க. பால், முட்டை, கோதுமை எல்லாத்தையும் விட்டால் கூடவே பேக்கரி பஃப்ஸ், ராத்திரி 11 மணி பரோட்டா, நாலு டீ எல்லாம் போயிடும். அதோடு அந்த 29 சதவீதமும் சேரும். கெடுதல் என்னன்னா, ஏற்கனவே இரும்பும் பி12-ம் குறைவா இருக்கிற ஒருத்தர் முட்டையையும் பாலையும் விடுறார். என் நண்பர் இரண்டு மாசத்தில் 6 கிலோ இறங்கினார், சோர்வு அப்படியேதான் இருந்தது. இன்னொரு ஆபத்தும் உண்டு. இறாலோ வேர்க்கடலையோ சாப்பிட்டு உதடு வீங்கி மூச்சு திணறுகிறவருக்கு இருப்பது ஐஜிஇ வகை அலர்ஜி. ஐஜிஜி ரிப்போர்ட்டில் அது பச்சையாக வந்தால், அதை நம்பிச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

அப்ப உணவு ஒத்துக்காமையே பொய்யா?

இல்லை, நிஜம்தான். ஆனா அதுக்கு வேற வழி.

பால்: வளர்ந்த அப்புறம் பாலில் இருக்கிற லாக்டோஸைச் செரிக்கும் திறன் உலகத்தில் பெரும்பாலானவங்களுக்குக் குறையும். அதைத் தக்கவைக்கிற மரபணு மாற்றம் இந்தியாவில் வடமேற்கில் அதிகம், தெற்கே வர வரக் குறைவு. அதனால் காபி குடிச்சால் வயிறு உப்பலாம். தயிர், மோர் பெரும்பாலும் ஒத்துக்கும், அதில் இருக்கிற பாக்டீரியாவே லாக்டோஸைக் கொஞ்சம் தின்னுடும். சந்தேகம் என்றால் ஹைட்ரஜன் மூச்சு டெஸ்ட் இருக்கு.

கோதுமை: சீலியாக் என்பது க்ளூட்டனால் குடலே சேதமாகும் நோய். சோர்வும், மாத்திரைக்கு ஏறாத இரும்புக் குறைவும் அதன் அறிகுறிகள். 2016-ல் வந்த ஆய்வில் இந்தியா முழுக்க 23,000 பேருக்கு மேல் பரிசோதிச்சாங்க. சீலியாக் எதிர்ப்பணுக்கள் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேரிடம், தென்னிந்தியாவில் 0.10 சதவீதம் பேரிடம். தெற்கே ஆயிரத்தில் ஒருத்தர். அரிதுதான், இல்லவே இல்லை என்று கிடையாது. இதற்கு டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை. கோதுமையை நிறுத்தறதுக்கு முன்னாடி எடுக்கணும். நிறுத்திட்டு எடுத்தால் எதுவும் தெரியாது.

மத்ததுக்கெல்லாம் நமக்குத் தெரிஞ்ச முறைதான், டீபக்கிங். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாத்துங்க. சந்தேகப்படற ஒரே ஒரு உணவை இரண்டு மூணு வாரம் நிறுத்தி, தினமும் இரண்டு வரி எழுதி வைங்க. அப்புறம் திரும்பச் சேர்த்துப் பாருங்க. திரும்பச் சேர்க்கும்போது அதே தொந்தரவு வந்தால்தான் அது நிரூபணம். உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்த உணவில் மட்டும் இந்தப் பரிசோதனையை வீட்டில் செய்யவே கூடாது.

வரிசை இதுதான்

முதலில் காசில்லாத டெஸ்ட். இரண்டு வாரம் தூங்கின நேரத்தை எழுதுங்க. யுஎஸ் ஷிஃப்ட் பார்த்துட்டு பகலில் 5 மணி நேரம் தூங்கறவருக்கு எந்த விட்டமினும் ஈடாகாது. குறட்டை அதிகமா? எதிலும் பிடிப்பே இல்லாம இருக்கா? ஸ்லீப் ஆப்னியாவும் மனச்சோர்வும் ரத்த ரிப்போர்ட்டில் வராது. ஆனா சோர்வுக்கு அவை பெரிய காரணங்கள்.

அப்புறமும் நாலு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் டாக்டரைப் பார்த்து, சிபிசி, ஃபெரிட்டின், டிஎஸ்ஹெச், சர்க்கரை, தேவை இருந்தால் பி12 பற்றிக் கேளுங்க. பெரும்பாலானவங்களுக்குத் தொடங்க இவ்வளவு போதும். காரணமே இல்லாம எடை குறைஞ்சால், விடாத காய்ச்சல், மலத்தில் ரத்தம், நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் இருந்தால் நாலு வாரம் எல்லாம் காத்திருக்காதீங்க.

கடைசியா ஒரு வேலை கொடுக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் பண்ணும்போது, சர்க்கரை மாத்திரை சாப்பிடற பெரியவங்க இருந்தால் எத்தனை வருஷமா எடுக்கிறாங்க, கடைசியா எப்ப பி12 பார்த்தாங்க என்று கேளுங்க. "பார்த்ததே இல்லையே" என்று பதில் வந்தால், அடுத்த முறை டாக்டர்கிட்ட போகும்போது நீங்களும் கூடப் போங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.